சிரிஞ்ச் ஜாக்கியில் அளப்பது எப்படி? பாய்ம அழுத்தத்தை அறிவியல் கண்காட்சிக்கு எடுப்பவர்களுக்கு

'அடுத்த வாரம் அறிவியல் கண்காட்சி, ஆளுக்கொரு மாடல்' என்று டைரியில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அன்று சாயங்காலமே வீட்டில் யூடியூப் திறக்கப்படும். பத்தில் ஆறு பிள்ளைகளாவது சிரிஞ்சில் ஓடும் அட்டை ஜேசிபியில் போய் நிற்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அட்டை வெட்டுவதில் ராத்திரிகள் போயின. மேசைக்கு வந்த மதிப்பீட்டாளர் ஜேசிபியைத் தொடக்கூட இல்லை. "இந்தப் பக்கம் ஒரு கிலோ வைத்தால் அந்தப் பக்கம் எவ்வளவு தூக்கும்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு எந்த வீடியோவிலும் பதில் இல்லை. இரண்டு சிரிஞ்சுகளைக் குழாயால் இணைத்துச் செய்யும் சிரிஞ்ச் ஜாக்கியில் அந்தப் பதிலை எப்படித் தேடுவது என்று நாங்கள் பட்ட பாட்டைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. பதினொன்றாம் வகுப்புக்காரர்களுக்கும் பாதி உதவும்.

1. என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் குறுக்கிக்கொள்ளுங்கள்

பாய்மங்கள் (திரவமும் வாயுவும்) பாடத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே மேசையில் காட்ட ஆசைப்படாதீர்கள். பாஸ்கல் விதி (அடைபட்ட பாய்மத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் அப்படியே பரவும் என்பது), வளிமண்டல அழுத்தம், ஆழத்துக்கு ஏற்ப அழுத்தம் கூடுவது ஆகிய மூன்றே போதும். மிதப்பு விசையை விட்டுவிடுங்கள். அது தனி மேசைக்கான விஷயம்.

மூன்றுக்கும் சேர்த்து வேண்டியது சில சிரிஞ்சுகள், ஒரு குழாய், ஒரு பிளாஸ்டிக் பாட்டில், சமையலறைத் தராசு. மின்சாரம் வேண்டாம். கண்காட்சி அரங்கில் பிளக் பாயின்ட் கிடைக்காமல் அல்லாடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஜேசிபி, ரோபோ கை வேண்டவே வேண்டாமா என்றால், நேரமிருந்தால் செய்யுங்கள். ஆனால் அளவீடு முடிந்த பிறகு.

2. கடையில் என்ன கேட்டு வாங்குவது

மெடிக்கல் ஷாப்பில் 5 மி.லி. சிரிஞ்ச் இரண்டு, 10 மி.லி. இரண்டு, 50 மி.லி. ஒன்று வாங்குங்கள். சிறியவை ஐந்து ரூபாயிலிருந்து பதினைந்து ரூபாய்க்குள் கிடைக்கும். 50 மி.லி. மட்டும் ஐம்பது ரூபாய் பக்கம் வரும். குழாய்க்கு, மீன் தொட்டிக் கடையில் காற்று பம்புக்குப் போடும் மெல்லிய குழாய் ஒரு மீட்டர் போதும். பத்து இருபது ரூபாய். குளூக்கோஸ் ஏற்றும் டிரிப் செட் குழாயும் சரியாகப் பொருந்தும், ஆனால் விலை அதிகம். கேபிள் டை, ஒரு பலகைத் துண்டு, சின்ன கிளிசரின் பாட்டில் எல்லாம் சேர்த்தாலும் முந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். தராசு வீட்டில் இல்லையென்றால் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் பாட்டிலைக் கொடுத்து எடை பார்த்துக்கொள்ளலாம்.

50 மி.லி. சிரிஞ்சில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதில் ஒரு வகைக்கு மூக்கு, அதாவது ஊசி மாட்டும் முனை, தடித்துக் கூம்பாக இருக்கும். நோயாளியின் மூக்கு வழியாக உணவு செலுத்துவதற்கானது அது. நம் குழாய் அதில் ஏறாது. இன்னொரு வகையில் மூக்கைச் சுற்றித் திருகு வளையம் இருக்கும், அதிலும் குழாய் சரியாக உட்காராது. ஊசி மாட்டும் சாதாரண மெல்லிய மூக்கு உள்ளதாகக் கேளுங்கள். கடையிலேயே குழாயைச் செருகிப் பார்த்துவிடுவது உத்தமம்.

ஊசி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சிரிஞ்சோடு ஊசியும் ஒரே உறைக்குள் வரும். பெரியவர் ஒருவர் மூடியைத் திறக்காமல் ஊசியைக் கழற்றி, பக்கத்து ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட வேண்டும். குப்பைத் தொட்டியில் போட்டால் துப்புரவுப் பணியாளர் கையில் குத்தும். ஆஸ்பத்திரியில் பயன்படுத்திய சிரிஞ்சை, 'கழுவிக்கொள்ளலாம்' என்று யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

3. பரப்பளவை ஸ்கேலால் கண்டுபிடியுங்கள்

இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அழுத்தம் = விசை ÷ பரப்பு. விசையைத் தராசு சொல்லிவிடும். பரப்புக்கு என்ன செய்வது? சிரிஞ்சின் உள்விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் ஒரு மில்லிமீட்டர் தவறும். விட்டத்தை இருமடியாக்கும்போது அந்தத் தவறும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். துல்லியமாக அளக்கும் வெர்னியர் அளவி எல்லாப் பள்ளியிலும் கைக்குக் கிடைக்காது.

ஆனால் சிரிஞ்சின் மேலேயே விடை அச்சடித்திருக்கிறது. 10 மி.லி. என்பது 10 கன செ.மீ. பூஜ்யக் கோட்டிலிருந்து 10 கோடு வரை எத்தனை செ.மீ. என்று ஸ்கேலால் அளங்கள். கன அளவை நீளத்தால் வகுத்தால் பரப்பு.

நீளம் 5.7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 ÷ 5.7 = 1.75 சதுர செ.மீ. 5 மி.லி. சிரிஞ்சில் நீளம் 4.1 செ.மீ. என்றால் பரப்பு 1.2. 50 மி.லி.யில் 8.1 செ.மீ. என்றால் 6.2. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் என் எண்களை எடுத்து எழுதாதீர்கள், உங்கள் சிரிஞ்சை அளங்கள்.

சதுர செ.மீ.யைச் சதுர மீட்டராக்கும்போது 100ஆல் வகுப்பது வழக்கமான சறுக்கல். 10,000ஆல் வகுக்க வேண்டும். விடை சரியா என்று உடனே பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஒரு சதுர செ.மீ. மேல் ஒரு கிலோ எடை வைத்தால் வருவது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது சுமார் ஒரு லட்சம் பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு; ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நியூட்டன்). உங்கள் விடை ஆயிரத்திலோ கோடியிலோ வந்தால் எங்கோ பூஜ்யம் தொலைந்திருக்கிறது.

4. காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்புங்கள்

பாதி மாடல்கள் படுத்துக்கொள்வது இங்கேதான். தண்ணீரை ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக அமுக்கினாலும் அதன் கன அளவு இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறையும். காற்று அப்படியல்ல. அதே அழுத்தத்தில் பாதியாகிவிடும். குழாயில் ஒரு மி.லி. காற்று இருந்தால் நீங்கள் அமுக்குவதில் பெரும்பகுதி அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கரைந்திருக்கும் காற்று வெளியேறிவிடும். இதைச் செய்யாவிட்டால், ராத்திரி நிரப்பி வைத்த குழாயில் காலையில் குட்டிக் குட்டியாகக் குமிழ் ஒட்டியிருக்கும். ஆறிய தண்ணீரை அகலமான பேசினில் ஊற்றி, குழாயையும் இரண்டு சிரிஞ்சுகளையும் அதற்குள்ளேயே முக்கி நிரப்பி, தண்ணீருக்கு அடியிலேயே இணைத்துவிடுங்கள். பிறகு மூக்கு மேலே இருக்கும்படி பிடித்து விரலால் சுண்டிப் பாருங்கள். குமிழ் இருந்தால் மேலே ஓடிவரும்.

இணைக்கும் முன் குழாயின் முனையைச் சூடான தண்ணீரில் சற்று நேரம் வைத்தால் இளகும். மூக்கில் ஆழமாக ஏற்றி, மேலே கேபிள் டை போட்டு இறுக்குங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். ஒட்டினால் மறுபடி நிரப்பக் கழற்ற முடியாது. நிறத்துக்கு இரண்டு சொட்டு இங்க் போதும். கேசரிப் பவுடரை அள்ளிப் போட்டால் குமிழும் தெரியாது, சட்டைக் கறையும் போகாது.

பிஸ்டனின் ரப்பர் இறுக்கமாக இருந்தால் கிளிசரின் ஒரு சொட்டுத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட ரப்பரை ஊதவைத்துவிடும்.

5. எடை வைத்து அளங்கள், உராய்வை ஏமாற்றுங்கள்

குழாயால் இணைத்த 5 மி.லி. சிரிஞ்சையும் 50 மி.லி. சிரிஞ்சையும் மூக்கு கீழே, பிஸ்டன் மேலே இருக்கும்படி பலகையில் நிமிர்த்திக் கட்டுங்கள். பிஸ்டன் தலைகளில் சின்னத் தட்டு ஒட்டுங்கள். அரால்டைட் என்றால் ஒரு நாள் முழுக்க ஆறவிட வேண்டும், கடைசி ராத்திரிக்கு இந்த வேலையை வைக்காதீர்கள். பெரிய தட்டில் ஐந்து கிலோ வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் பாட்டில்களே எடைக்கல். பாட்டில் சாயாமல் பக்கத்தில் ஒரு கை காவல் இருக்கட்டும்.

பாஸ்கல் விதிப்படி இரண்டு பக்கமும் அழுத்தம் ஒன்றே. பரப்பு விகிதம் 6.2 ÷ 1.2, அதாவது சுமார் ஐந்து. ஆக, சின்னப் பக்கம் ஒரு கிலோ வைத்தால் ஐந்து கிலோ எழும்ப வேண்டும். வைத்துப் பாருங்கள். எழும்பாது.

'விதி தப்பு' என்றோ 'சிரிஞ்ச் சரியில்லை' என்றோ முடிவுக்கு வந்துவிடாதீர்கள். ரப்பர் பிஸ்டன் சுவரைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். சின்னப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டி, பெரிய பிஸ்டன் மேலே நகரத் தொடங்கும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எடையைக் குறைத்துக்கொண்டே வந்து, பெரிய பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கும் எடையைக் குறியுங்கள். ஏறும்போது உராய்வு உங்களுக்கு எதிராக நிற்கிறது, இறங்கும்போது உங்கள் பக்கம் நிற்கிறது. இரண்டின் சராசரியை எடுத்தால் உராய்வு பெரும்பாலும் கழிந்துவிடும். உதாரணத்துக்கு, ஏறுவது 1.5 கிலோவில், இறங்குவது 0.5 கிலோவில் என்றால் சராசரி 1 கிலோ. பெரிய பக்கத்தில் எடை குறைவாக இருந்தால் இந்த வித்தை பலிக்காது. நூறு கிராம் கல்லை வைத்துவிட்டு நகரவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்கள் சிக்குவது இதில்தான். தட்டின் எடையையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

இன்னொன்றையும் அளந்து எழுதுங்கள். சின்ன பிஸ்டனை 4.1 செ.மீ. முழுக்க அமுக்கினால் பெரியது எவ்வளவு உயர்கிறது? 5 கன செ.மீ. தண்ணீர் அந்தப் பக்கம் போகிறது. 5 ÷ 6.2 = 0.8 செ.மீ. ஐந்து மடங்கு விசை கிடைத்த இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு தூரம்தான் கிடைக்கிறது. வேலை, அதாவது விசை × தூரம், கொஞ்சமும் அதிகமாகவில்லை. மெக்கானிக் கடையில் ஹைட்ராலிக் ஜாக்கியின் கைப்பிடியை அத்தனை முறை அடிப்பதும் இதனால்தான். 'ஜாக்கி ஆற்றலைப் பெருக்குகிறது' என்று சார்ட்டில் எழுதியிருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.

6. மிச்சமிருக்கும் 10 மி.லி. சிரிஞ்சில் வளிமண்டலத்தை எடை போடுங்கள்

வளிமண்டல அழுத்தம் பாதரசப் பாரமானியில் 76 செ.மீ. என்று எல்லாரும் ஒப்பிப்பார்கள். பாதரசம் விஷம். பள்ளி மேசைக்கு அது வரக்கூடாது. சிரிஞ்சிலேயே அதே அளவை எடுக்கலாம்.

கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி, பிஸ்டனை முழுக்க உள்ளே தள்ளுங்கள். மூக்குக்குள் தண்ணீர் மட்டும் நிற்கும், காற்று இருக்காது. மூக்கில் சின்னக் குழாய்த் துண்டு மாட்டி, அதை மடித்துக் கேபிள் டையால் இறுக்கிக் கட்டுங்கள். சிரிஞ்சைத் தலைகீழாக, பிஸ்டன் கீழே பார்க்கும்படி தொங்கவிட வேண்டும். விரல் வைக்கும் இறக்கைகளுக்கு அடியில் கயிறு கொடுத்து மேலே கட்டினால் நழுவாது. பிஸ்டனில் ஒரு காலி கேனைத் தொங்கவிட்டு, மெல்லத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில் பிஸ்டன் சரேலென்று இறங்கும். கேன் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் இருக்கட்டும், அடியில் துணி விரித்திருக்கட்டும்.

கேனை எடை போடுங்கள். பிறகு மூக்கைத் திறந்துவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். இப்போது பிஸ்டனைப் பிடித்திருப்பது உராய்வு மட்டும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் வளிமண்டலம் தாங்கிய எடை. 1.75 சதுர செ.மீ. பரப்புக்கு அது 1.8 கிலோ பக்கம் வர வேண்டும். 1.8 × 9.8 = 17.6 நியூட்டன். அதை 0.000175 சதுர மீட்டரால் வகுத்தால் சுமார் 1,00,800 பாஸ்கல். கடல் மட்டத்தில் நிலையான மதிப்பு 1,01,325. உங்களுக்குப் பத்து சதவீதம் முன்பின் வந்தாலும் அப்படியே எழுதுங்கள். அச்சு அசலாக 1,01,325 என்று எழுதிக் கொடுப்பவர்களைத்தான் மதிப்பீட்டாளர்கள் சந்தேகப்படுவார்கள்.

நீலகிரிப் பிள்ளைகளுக்கு ஒரு அதிர்ஷ்டம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதே சிரிஞ்சில் 1.4 கிலோ பக்கம்தான் வரும். சமவெளியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும்போது சிரிஞ்சையும் எடுத்துப்போய் அளந்துவிட்டு வந்தால், இதைவிட நல்ல சார்ட் வேறில்லை.

7. மூன்று துளை பாட்டில்: மேசைமேல் வைக்காதீர்கள்

பாட்டிலில் மேல், நடு, கீழ் என்று மூன்று துளை போட்டால் கீழ்த்துளைத் தண்ணீர்தான் அதிக தூரம் பாயும் என்று படம் போட்டுப் படித்திருப்போம். மேசைமேல் பாட்டிலை வைத்துச் செய்தால் நடுத்துளைதான் ஜெயிக்கும். பிள்ளைகள் குழம்பிப்போவார்கள்.

கீழ்த்துளையில் அழுத்தம் அதிகம், வேகமும் அதிகம் என்பது சரிதான். ஆனால் அது மேசைக்கு மிக அருகில் இருக்கிறது. பறக்க நேரம் கிடைப்பதற்குள் விழுந்துவிடுகிறது. தண்ணீர் உயரம் 24 செ.மீ., துளைகள் அடியிலிருந்து 6, 12, 18 செ.மீ. என்றால், கணக்குப்படி மேசைமேல் நடுத்துளை 24 செ.மீ. பாயும். மற்ற இரண்டும் ஏறக்குறைய 21 செ.மீ. அதே பாட்டிலை 24 செ.மீ. உயர ஸ்டூலில் வைத்துத் தரையில் விழவிட்டால் கீழ்த்துளை 46, நடு 42, மேல் 32 என்று வரிசை மாறிவிடும். நிஜத்தில் எல்லாமே கொஞ்சம் குறைவாக வரும். விதி எளிது: ஸ்டூலின் உயரம் தண்ணீர் உயரத்துக்குக் குறையக்கூடாது. இரண்டு விதமாகவும் செய்து காட்டினால் இன்னும் நல்லது.

துளைகளை ஒரே அளவுள்ள சூடான ஆணியால் பெரியவர் போடட்டும். மூன்றையும் ஒரே டேப்பால் மூடி, ஒரே இழுப்பில் பிரியுங்கள்.

8. தாள்கள்: இதற்குத்தான் கடைசி நாளில் ஓட்டம்

மாடலைவிட இந்தப் பகுதி அதிகம் அலைக்கழிக்கும். முதல் நாளிலிருந்தே ஒரு நாற்பது பக்க நோட்டில் பேனாவால் அளவுகளைக் குறித்து வாருங்கள். தவறினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். அடித்தல் திருத்தல் இருக்கும் நோட்டை மேசைமேல் திறந்து வையுங்கள், பளபளப்பான சார்ட்டைவிட அது அதிகம் பேசும். அறிக்கை ஆறேழு பக்கம் போதும்: நோக்கம், பொருட்கள், செலவு, கையால் வரைந்த படம், அளவீட்டு அட்டவணை, கணக்கு, எங்கே எவ்வளவு பிசகியது என்பது. கடைப் பில்களைப் பத்திரப்படுத்துங்கள், செலவுப் பட்டியலுக்கு உதவும்.

பள்ளிக்கு வெளியே மாவட்ட அளவில் போகிறீர்கள் என்றால் தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட சான்று, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் மாணவருக்கு உள்ள எண்), பாஸ்போர்ட் அளவு புகைப்படம், பெற்றோர் சம்மதக் கடிதம் கேட்கக்கூடும். தலைமை ஆசிரியர் கூட்டம், பயிற்சி என்று வெளியே போய்விடுவார், அதனால் ஒரு வாரம் முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாணவர்களின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்குப் பள்ளிதான் இணையத்தில் பரிந்துரைக்க வேண்டும். தேர்வானால் 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். பள்ளிப் பதிவேட்டில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்று இருந்தால் சிக்கல். இன்னொன்று, அந்த விருதுக்குப் புது யோசனை வேண்டும். சிரிஞ்ச் ஜாக்கியை அப்படியே அனுப்பினால் எடுபடாது.

மொத்தத்தில் இரண்டு வார இறுதிகள் தேவை. முதல் சனி, ஞாயிறில் வாங்குவது, பரப்பு அளப்பது, ஒட்டுவது. நடுவில் பசை ஆறட்டும், கையெழுத்து வேலை நடக்கட்டும். அடுத்த சனி, ஞாயிறில் அளவீடும் அறிக்கையும்.

9. கண்காட்சி நாளும் அங்கே வரும் கேள்விகளும்

காலையில் போனதும் குமிழ் பாருங்கள், இருந்தால் புதிதாக நிரப்புங்கள். அதற்காகக் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு பாட்டில், பேசின், பழைய துண்டு, மாற்று சிரிஞ்சுகள், கேபிள் டை, கத்தரிக்கோல் எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும். பஸ்ஸில் போகும்போது மாடலில் தண்ணீர் வேண்டாம்.

'தண்ணீருக்குப் பதில் காற்று நிரப்பினால் வேலை செய்யுமா?' என்று அநேகமாகக் கேட்பார்கள். செய்யும், ஆனால் முதலில் காற்று சுருங்கும், பிறகுதான் எடை எழும்பும், அதுவும் துள்ளும். காற்று நிரப்பிய ஒரு ஜோடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் சொல்ல வேண்டியதே இல்லை, அவரே அமுக்கிப் பார்த்துக்கொள்வார்.

'வீட்டு மாடியில் 500 லிட்டர் தொட்டிக்குப் பதில் 1,000 லிட்டர் தொட்டி வைத்தால் குழாயில் தண்ணீர் வேகமாக வருமா?' இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வார்கள். நிலையாக நிற்கும் தண்ணீரின் அழுத்தம் ஆழம், அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் மூன்றின் பெருக்கல். தொட்டியின் அகலத்துக்கு அதில் இடமே இல்லை. தண்ணீர் மட்டம் குழாய்க்கு ஆறு மீட்டர் மேலே இருந்தால் சுமார் 59,000 பாஸ்கல்தான், தொட்டி எத்தனை லிட்டர் பிடித்தாலும். மாடிமேல் இன்னொரு மேடை கட்டித் தொட்டியை ஒரு மீட்டர் உயர்த்தினால் 9,800 பாஸ்கல் கூடும்.

'இரண்டு சிரிஞ்சும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால்?' அப்போது உயர வித்தியாசத்துக்கான அழுத்தம் சேரும் அல்லது கழியும். பத்து செ.மீ. என்றால் சுமார் 980 பாஸ்கல். நம் மாடலில் எண்பதாயிரம் பாஸ்கல் ஓடுவதால் கண்டுகொள்ள வேண்டாம் என்று எண்ணைச் சொல்லியே பதில் சொல்லுங்கள்.

நோட்டில் இல்லாத ஏதாவது கேட்டால், 'இதை அளக்கவில்லை சார், இப்போதே அளந்து பார்க்கலாமா?' என்று தராசை எடுத்து மேசைமேல் வையுங்கள்.